பிரதம்: அளந்து அளந்து வளர்ந்த ஓர் அமைப்பின் வரலாறு

பிரதம் என்பது மும்பையின் குடிசைப் பகுதிக் குழந்தைகளுக்காக 1990களின் நடுவில் தொடங்கப்பட்ட தன்னார்வத் தொண்டு அமைப்பு. ஒரு நகரத்தின் சந்துகளில் தொடங்கிய வேலை, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நாட்டின் பெரும்பாலான மாநிலங்களுக்குப் பரவியது. பின்னர் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் சென்றது. இவ்வளவு வேகமாக விரியும் அமைப்புகள் எத்தனை குழந்தைகளைச் சென்றடைந்தோம் என்ற கணக்கோடு நிறைவடைந்துவிடுவது வழக்கம். அந்தக் குழந்தைகளுக்கு என்ன வந்தது என்ற அடுத்த கேள்வியைப் பிரதம் விடாமல் கேட்டது. விடை சாதகமாக இல்லாதபோதும் அதை வெளியிட்டு, தன் வேலைமுறையை மாற்றிக்கொண்டது. இந்த அமைப்பின் வரலாற்றை ஊன்றிப் படிக்கத் தூண்டுவது அந்தப் பழக்கமே.

மும்பையில் தொடக்கம்

நகரத்துக் குழந்தைகள் அனைவரும் பள்ளிக்குச் செல்ல வழி காண வேண்டும் என்று 1994இல் யுனிசெஃபும் மும்பை மாநகராட்சியும் எடுத்த முயற்சியே பிரதமின் கரு. அடுத்த ஆண்டு அது அறக்கட்டளையாகப் பதிவானது. அரசு, தொழில் நிறுவனங்கள், குடிமக்கள் ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்து செய்ய வேண்டிய பணி இது என்பது அதன் அடிப்படைக் கருத்து. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று மும்பையில் வேதியியல் கற்பித்தவரும், குடிசைப் பகுதிகளில் முதியோர் எழுத்தறிவுப் பணி செய்தவருமான மாதவ் சவாணும், நிர்மலா நிகேதன் சமூகப்பணிக் கல்லூரியின் ஆசிரியர் ஃபரிதா லாம்பேயும் இதை நிறுவினர். பின்னாளில் தலைமைப் பொறுப்புக்கு வந்த ருக்மிணி பானர்ஜி 1996இல் சேர்ந்தார்.

முதலில் எடுத்துக்கொண்ட வேலை பால்வாடி. பள்ளி வயதை எட்டாத குழந்தைகளை ஒருநாளில் சில மணி நேரம் கூட்டி உட்காரவைத்து, விளையாட்டும் பாட்டுமாகப் பள்ளிக்குப் பழக்குவது இதன் நோக்கம். இதற்காகக் கட்டடம் கட்டவில்லை. யாருடைய வீட்டு முன்னறையோ, கோயில் மண்டபமோ, மசூதியின் ஒரு மூலையோ, சங்க அலுவலகமோ எது கிடைத்ததோ அதுவே வகுப்பறை. நடத்தியவர் அதே தெருவில் வளர்ந்து பள்ளிப்படிப்பை முடித்த இளம்பெண். பெற்றோர் இயன்ற சிறு தொகையைக் கட்டணமாகக் கொடுத்தனர். செலவும் குறைவு, ஆளும் உள்ளூரிலேயே கிடைத்தார் என்பதால் ஒரு சந்தில் நடந்ததை அடுத்த சந்திலும் அப்படியே தொடங்க முடிந்தது. பிரதமின் பிற்கால விரிவாக்கத்துக்கெல்லாம் அச்சாக அமைந்தது இந்த ஏற்பாடுதான். அக்கம்பக்கத்து இளைஞர்களின், அதிலும் படித்துவிட்டு வேலையின்றி வீட்டிலிருந்த பெண்களின், உழைப்பே அமைப்பின் முதலீடு.

பால்சகி: முதல் பெரிய சோதனை

பள்ளியில் சேர்ந்த குழந்தைகள் மூன்றாம், நான்காம் வகுப்பு வரை வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாமல் இருந்தது அடுத்த சிக்கல். அதற்காக வந்த திட்டம் பால்சகி. பள்ளி நேரத்திலேயே, பின்தங்கிய 15 முதல் 20 குழந்தைகளை வகுப்பிலிருந்து தனியே அழைத்துச் சென்று, ஓர் உள்ளூர் இளம்பெண் நாள்தோறும் இரண்டு மணி நேரம் அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பித்தார். அவருக்கு மாதம் 500 முதல் 750 ரூபாய் வரை வழங்கப்பட்டது.

இத்திட்டம் உண்மையிலேயே பயன் தருகிறதா என்று பார்க்க, அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளியலாளர்களைப் பிரதம் அனுமதித்தது. மும்பையிலும் வடோதராவிலும் ஆய்வு நடந்தது. எந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பால்சகி, எந்தப் பள்ளியில் நான்காம் வகுப்புக்கு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தனர். எல்லாப் பள்ளிக்கும் ஒரு பால்சகி கிடைத்தார். அதே சமயம், பால்சகி இல்லாத வகுப்பு ஒப்பீட்டுக்கு நின்றது. குழந்தைகளின் சராசரித் தேர்ச்சி முதல் ஆண்டில் 0.14 திட்ட விலக்க (மதிப்பெண்கள் எவ்வளவு பரவியுள்ளன என்பதைக் காட்டும் அலகு) அளவும், இரண்டாம் ஆண்டில் 0.28 அளவும் உயர்ந்தது. உயர்வின் பெரும்பகுதி கடைசி வரிசைக் குழந்தைகளிடம் காணப்பட்டது. திட்டம் முடிந்து ஓராண்டு கழித்து மறுபடி அளந்தபோது அந்தப் பயன் சுமார் 0.1ஆகக் குறைந்திருந்தது. வெற்றியும் தேய்வும் சேர்ந்தே 2007இல் ஆய்விதழில் வெளியாயின.

ஒரே தாளில் ஒரு தேர்வு

2002, 2003 வாக்கில் பிரதம் வாசிப்பைக் கற்பிக்கும் முறையைக் கூர்மைப்படுத்தியது. வயதையும் வகுப்பையும் ஒதுக்கிவிட்டு, குழந்தை இப்போது எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படியிலிருந்து தொடங்கினால் சில வாரங்களிலேயே வாசிப்பு கைவரும் என்பது களத்தில் கண்ட உண்மை. அதற்குப் படியைக் கண்டறியும் கருவி ஒன்று தேவைப்பட்டது. அப்படி உருவானதே ஒற்றைத் தாள் தேர்வு.

தாளில் நான்கு பகுதிகள் உண்டு: எழுத்துகள், எளிய சொற்கள், முதல் வகுப்பு நிலையில் நான்கு வாக்கியப் பத்தி, இரண்டாம் வகுப்பு நிலையில் ஒரு சிறுகதை. முதலில் பத்தியைக் காட்டுவார்கள். தடையின்றி வாசித்தால் கதைக்குச் செல்லலாம். திணறினால் சொற்களுக்கு இறங்க வேண்டும். ஐந்து சொற்களில் நான்கையாவது சரியாகச் சொன்னால் அந்தக் குழந்தை சொல் நிலை. அதுவும் முடியாவிட்டால் எழுத்துகள். கணக்குக்கும் இதே அமைப்புதான்: எண்களை அடையாளம் காணுதல், கடன் வாங்கிக் கழித்தல், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல். ஒரு குழந்தைக்குச் சில நிமிடங்கள் போதும். எழுத்துத் தேர்வாக வைத்தால் வாசிக்கத் தெரியாத குழந்தை வெற்றுத் தாளைத்தான் கொடுக்கும்; எந்த இடத்தில் தடை என்பது தெரியாமலே போகும். எதிரே உட்கார்ந்து கேட்டால் அது தெரிந்துவிடும்.

பக்கத்தில் நிற்கும் தாய்க்கும், தாம் படிக்காதவராக இருந்தாலும், பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பது கண்முன்னே புலப்படும். அதே முடிவை வைத்து மறுநாளே குழந்தைகளைக் குழுவாகப் பிரித்துப் பாடம் தொடங்கலாம். அளப்பதும் கற்பிப்பதும் ஒரே கருவியில் இணைந்தது பிரதமின் பெரும் பங்களிப்பு.

அசர்: நாட்டை அளந்த தன்னார்வலர்கள்

இந்தத் தாளைக் கொண்டு ஊரக இந்தியா முழுவதையும் அளக்கும் முயற்சி 2005இல் தொடங்கியது. அசர் என்று அறியப்படும் இந்த ஆண்டறிக்கைக்காக ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களும் கல்லூரி மாணவர்களும் ஆசிரியர் பயிற்சி நிறுவன மாணவர்களும் களமிறங்கினர். மாவட்டத்துக்கு 30 கிராமம், கிராமத்துக்கு 20 வீடு என்பது நிலைபெற்ற கணக்கு. இருவர் கிராமத்துக்குள் நுழைந்து தெருத்தெருவாக நடந்து வரைபடம் போடுவார்கள். அதை நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலிருந்தும் குறிப்பிட்ட இடைவெளியில் வீடுகளைத் தேர்ந்தெடுப்பார்கள். பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே அளந்ததால், பள்ளியில் சேராதவர், இடைநின்றவர், அன்று வராதவர், தனியார் பள்ளியில் படிப்பவர் என எல்லாக் குழந்தைகளும் கணக்கில் வந்தனர். தாள் அந்தந்த மாநில மொழியில் அச்சானது, தமிழ்நாட்டில் தமிழில்.

முடிவு அதிர்ச்சியளித்தது. 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் பள்ளியில் சேர்ந்திருந்தனர். ஆனால் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேரால் இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்க முடியவில்லை. சேர்க்கை எண்ணிக்கையையே சாதனையாகப் பேசிவந்த கல்வி விவாதம், கற்றல் நிலையைப் பற்றியும் பேசத் தொடங்கியது. 2014 வரை ஆண்டுதோறும், பின்னர் இடைவெளி விட்டும் இந்த அளவீடு தொடர்கிறது. 2022இல் 616 மாவட்டங்களில் 19,060 கிராமங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 7 லட்சம் குழந்தைகள் அளக்கப்பட்டனர். இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கும் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளின் விகிதம் 2018இல் பாதியை ஒட்டி இருந்தது. பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் 43 விழுக்காட்டளவுக்கு இறங்கி, 2024இல் 49 விழுக்காட்டை நெருங்கியது.

தகவல் மட்டும் போதாது

பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை என்பது தெரிந்துவிட்டால் ஊரார் தாமே செயலில் இறங்குவார்களா? உத்தரப் பிரதேசத்தின் ஜௌன்பூர் மாவட்டத்தில் 280 கிராமங்களில் 2005, 2006இல் பிரதம் பங்கேற்று நடந்த ஆய்வு இதைச் சோதித்தது. சில கிராமங்களில் ஊர்க் கல்விக் குழுவின் அதிகாரங்களைக் கூட்டம் கூட்டி விளக்கினர். அந்தக் குழுக்களின் உறுப்பினர்களிலேயே சிலருக்குத் தாங்கள் உறுப்பினர் என்பது தெரியாமல் இருந்தது. வேறு சில கிராமங்களில் ஊராரே குழந்தைகளைச் சோதித்து ஊருக்கான மதிப்பீட்டு அட்டை தயாரித்தனர். மூன்றாம் வகைக் கிராமங்களில் இவற்றோடு இளைஞர்களுக்கு வாசிப்பு முகாம் நடத்தப் பயிற்சியும் கொடுத்தனர்.

முதல் இரண்டு வகைக் கிராமங்களிலும் பள்ளியோ பெற்றோரோ ஆசிரியரோ மாறவில்லை, கற்றலும் மாறவில்லை. மூன்றாம் வகையில் முகாமுக்கு வந்த குழந்தைகள் பெருமளவு முன்னேறினர். எழுத்தே தெரியாமல் வந்தவர்கள் எழுத்தறிந்து திரும்பினர். ஆனால் முகாமுக்கு வந்தவர்கள் மொத்தக் குழந்தைகளில் சுமார் 8 விழுக்காட்டினர் மட்டுமே. முறை பலிக்கிறது, தன்னார்வலரை மட்டும் நம்பினால் எல்லாக் குழந்தைகளையும் எட்ட முடியாது என்ற இரட்டைப் பாடம் கிடைத்தது.

பெருக்கமும் சறுக்கலும்

ஆகவே அரசுப் பள்ளிகளோடு கைகோக்கும் வழியைப் பிரதம் தேர்ந்தது. 2007இல் தொடங்கிய ரீட் இந்தியா இயக்கம் மாநில அரசுகளோடு சேர்ந்து 2008-09இல் 3.3 கோடிக் குழந்தைகளைச் சென்றடைந்தது. எண்ணிக்கையில் அது உச்சம். ஆனால் பீகாரிலும் உத்தராகண்டிலும் நடந்த மதிப்பீடுகள் வேறு செய்தி சொல்லின. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கற்றல் பொருள்களும் கொடுத்த பள்ளிகளில் பயன் ஏதும் தென்படவில்லை. உத்தராகண்டில் தன்னார்வலர்கள் பள்ளிக்குள்ளேயே உதவியாளர்களாகக் கரைந்துபோயினர், அங்கும் மாற்றமில்லை. பீகாரில் அவர்கள் பள்ளி நேரத்துக்கு வெளியே குழந்தைகளைக் கூட்டி நடத்திய இடங்களில் பயன் தெரிந்தது.

அதே பீகாரில் 2008 கோடை விடுமுறையில், அரசு ஆசிரியர்களே ஒரு மாதம் நடத்திய முகாமில் குழந்தைகள் தெளிவாக முன்னேறினர். ஆசிரியருக்குத் திறமை இருந்தது, முறையிலும் குறையில்லை என்பதை இது காட்டியது. பள்ளி நாள்களில் பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரமே அந்த முறையை ஓரங்கட்டியிருந்தது.

இந்தக் கண்டுபிடிப்பிலிருந்து இரண்டு வடிவங்கள் பிறந்தன. முதலாவது ஹரியானாவில் 2012-13இல் சுமார் 400 பள்ளிகளில் சோதிக்கப்பட்டது. நாளுக்கு ஒரு மணி நேரம் இதற்கென்றே ஒதுக்கி, 3 முதல் 5ஆம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளை வகுப்பு பாராமல் நிலைவாரியாக அமரவைத்து, அரசு ஆசிரியர்களே கற்பித்தனர். மேற்பார்வையாளர்கள் முதலில் தாங்களே பள்ளிகளில் கற்பித்துப் பார்த்த பிறகே மற்றவர்களுக்கு வழிகாட்டினர். இந்தி வாசிப்பில் 0.15 திட்ட விலக்க உயர்வு கிடைத்தது. இரண்டாவது வடிவம் உத்தரப் பிரதேசத்தில் 2013-14இல் சோதிக்கப்பட்ட முகாம். பிரதம் ஊழியர்கள் தன்னார்வலர் துணையோடு பள்ளிக்குள் சென்று, பத்துப் பத்து நாள் தவணைகளாக ஆண்டுக்கு 50 நாள் நடத்தினர். பத்தியோ கதையோ வாசிக்கும் குழந்தைகளின் பங்கு, முகாம் நடக்காத பள்ளிகளில் 24 விழுக்காடாக இருக்க, முகாம் நடந்த பள்ளிகளில் ஏறத்தாழ இரு மடங்காக உயர்ந்தது.

எல்லை கடந்தும் இளைஞர் வயதுக்கும்

நிலைக்கேற்ற கற்பித்தல் என்று பெயர் பெற்ற இம்முறை பின்னர் ஜாம்பியா உள்ளிட்ட ஆப்பிரிக்க நாடுகளின் அரசுப் பள்ளிகளுக்குச் சென்றது. வீடு தேடிச் சென்று அளக்கும் முறையைப் பாகிஸ்தானும், உவேசோ என்ற பெயரில் கென்யா, தான்சானியா, உகாண்டாவும் எடுத்துக்கொண்டன. வாசிக்கக் கற்ற குழந்தைக்குப் படிக்கப் புத்தகம் வேண்டும் என்பதற்காக 2004இல் தனியே உருவான பிரதம் புக்ஸ், தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் மலிவு விலைக் கதை நூல்களை வெளியிட்டு வருகிறது. படிப்பை நிறுத்திய பெண்கள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத உதவும் திட்டமும், இளைஞர்களுக்கான தொழிற்பயிற்சியும் அமைப்பின் வேலையில் சேர்ந்தன. அளவீடும் அவர்களைப் பின்தொடர்ந்தது. 26 மாநிலங்களின் 28 மாவட்டங்களில் 14 முதல் 18 வயது வரையுள்ள 34,745 பேரிடம் 2023இல் நடந்த கணக்கெடுப்பில், சுமார் கால்வாசிப் பேரால் தாய்மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசிக்க இயலவில்லை. பாதிக்கு மேற்பட்டோர் வகுத்தல் கணக்கில் தடுமாறினர்.

இந்த அளவீட்டுக்கு வரம்புகள் உண்டு. அடிப்படை வாசிப்பையும் எளிய கணக்கையும் மட்டுமே அது தொடுகிறது. ஆழ்ந்த புரிதலையோ சிந்தனையையோ அளப்பதில்லை. வழக்கமான கணக்கெடுப்பு ஊரகத்தோடு நின்றுவிடுவதால் நகரக் குழந்தைகள் அதில் இல்லை. ஆனாலும் அந்தச் சின்னத் தாள் அமைப்பின் போக்கை மூன்று முறை திருப்பியது: சேர்க்கையிலிருந்து கற்றலுக்கு, தகவல் பரப்புவதிலிருந்து முகாமுக்கு, ஆசிரியர் பயிற்சியிலிருந்து ஒதுக்கப்பட்ட நேரத்துக்கு. 3.3 கோடி என்ற எண்ணோடு பெருமைப்பட்டு நின்றிருந்தால் இவற்றில் கடைசி மாற்றம் நடந்திருக்காது. இளைஞர்களை நம்பி விரிய நினைக்கும் எந்த அமைப்பும், அடுத்த ஊருக்குப் போகும் முன் போன ஊரின் பிள்ளைகள் வாசிக்கிறார்களா என்று கேட்டுப் பார்ப்பது முதல் கடமை என்பதைப் பிரதமின் முப்பது ஆண்டு அனுபவம் நிறுவியிருக்கிறது.