கூடுதல் புள்ளி உதை

அமெரிக்கக் கால்பந்தில் எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசென்று டச்டவுன் எடுத்த அணி, கோல் கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து மேலும் 1 புள்ளி சேர்க்கலாம். இதுவே கூடுதல் புள்ளி உதை. தொழில்முறை ஆட்டத்தின் தலைமை அமைப்பான தேசியக் கால்பந்து லீக், 2015இல் இவ்வுதைக்காகப் பந்து வைக்கப்படும் இடத்தை 2 யார்டு கோட்டிலிருந்து 15 யார்டு கோட்டுக்கு மாற்றியது.

தொடக்க வரலாறு: ரக்பியிலிருந்து பிரிந்து வளர்ந்த காலத்தில் இவ்விளையாட்டு பெயருக்கேற்பக் காலால் ஆடப்பட்டதாகவே இருந்தது. எதிரணியின் எல்லையில் பந்தைக் கொண்டுபோய்த் தரையில் வைப்பது, உதைக்கும் உரிமையை மட்டுமே பெற்றுத் தந்தது. 1883இல் இவ்விளையாட்டின் விதிகளை உருவாக்கிய முன்னோடி வால்டர் கேம்ப்பின் முயற்சியால் புள்ளிமுறை வகுக்கப்பட்டபோது, ஆட்டத்தின் போக்கில் கம்பங்களுக்கு இடையே உதைக்கும் ஃபீல்டு கோலுக்கு 5, டச்டவுனுக்குப் பிந்திய உதைக்கு 4, டச்டவுனுக்கு வெறும் 2 என்று நிர்ணயித்தார்கள். அடுத்த ஆண்டே இது தலைகீழானது: டச்டவுனுக்கு 4, உதைக்கு 2. நூற்றாண்டு முடிவதற்குள் உதையின் மதிப்பு 1 ஆகச் சுருங்கிவிட்டது. டச்டவுனின் மதிப்போ 1912இல் 6 ஆக உயர்ந்தது. பந்து தொட்ட இடத்துக்கு நேர் பின்னாலிருந்தே உதைக்க வேண்டும் என்ற பழைய விதியால், ஓரத்தில் எடுத்த டச்டவுனுக்குக் கடினமான கோணமே கிடைத்தது. அந்த விதியும் பின்னர் கைவிடப்பட்டது. அதோடு இவ்வுதையில் இருந்த திறமைச் சோதனையும் பெருமளவு போய்விட்டது.

கம்பங்களின் இடமும் நிலையாக இருக்கவில்லை. 1927இல் அவை கோல் கோட்டிலிருந்து 10 யார்டு பின்னால் உள்ள கடைக்கோட்டுக்குச் சென்றன. 1932ஆம் ஆண்டின் சாம்பியனை முடிவு செய்த சிகாகோ பேர்ஸ் - போர்ட்ஸ்மவுத் ஸ்பார்ட்டன்ஸ் ஆட்டம், கடுங்குளிரால் சிகாகோவின் உள்ளரங்கு ஒன்றில், அளவு சுருங்கிய களத்தில் நடந்தது. அங்கே கம்பங்கள் கோல் கோட்டிலேயே நடப்பட்டன. லீக் அதை 1933இல் விதியாகவே ஏற்றது. ஹங்கேரியில் பிறந்த பீட் கோகோலாக் 1964இல் பஃபலோ பில்ஸ் அணிக்காகப் பக்கவாட்டிலிருந்து ஓடிவந்து புறங்காலால் உதைக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகு, உதைகளின் துல்லியம் வேகமாகக் கூடியது. ஃபீல்டு கோல்கள் பெருகிப்போனதால் 1974இல் கம்பங்கள் மீண்டும் கடைக்கோட்டுக்கே தள்ளப்பட்டன. கூடுதல் புள்ளி உதையை மட்டும் அதுவும் கடினமாக்கிவிடவில்லை.

2015 மாற்றம்: 2014இல் இவ்வுதைகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் வெற்றி பெற்றன. முடிவு முன்கூட்டியே தெரிந்த ஒன்றை ஆட்டத்தில் வைத்திருப்பதில் பொருளில்லை. உதையையே நீக்கி, டச்டவுனுக்கு நேரடியாக 7 புள்ளி தரலாம் என்ற யோசனையும் எழுந்தது. உதையைக் கடினமாக்கும் வழியே சரியானதாக இருந்தது. 2014 பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களில் சோதித்துப் பார்த்த பின், 2015 மே மாதம் அணி உரிமையாளர்கள் 30-2 என்ற வாக்கில் மாற்றத்தை ஏற்றனர். 15 யார்டுடன், கோல் கோட்டுக்கும் கடைக்கோட்டுக்கும் இடைப்பட்ட இறுதிப்பகுதியின் 10 யார்டும், பந்தைப் பிடிப்பவர் பின்னால் அமரும் தொலைவும் சேர்ந்து உதை சுமார் 33 யார்டானது. முன்பு இது 20 யார்டு அளவில்தான் இருந்தது. ஓட்டம் அல்லது வீச்சு மூலம் 2 புள்ளி பெறும் முயற்சி பழையபடி 2 யார்டு கோட்டிலேயே நின்றது. தடுக்கும் அணி பந்தைப் பறித்து மறுமுனைவரை ஓடினால் அதற்கு 2 புள்ளி என்பதும் சேர்க்கப்பட்டது. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியின் ஸ்டெஃபோன் அந்தோணி அதே ஆண்டு டிசம்பரில் கரோலினாவுக்கு எதிராக இதை முதன்முதலாகச் செய்தார்.

வெற்றி விகிதம் முதல் பருவத்திலேயே 94 விழுக்காட்டளவுக்கு இறங்கியது. 2 புள்ளி முயற்சிகள் பெருகின. மாற்றத்தின் எடையை 2016 ஜனவரியில் டென்வரில் நடந்த, லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கக் கான்ஃபரன்ஸின் இறுதியாட்டம் காட்டியது. தொடர்ந்து 523 கூடுதல் புள்ளிகளை உதைத்திருந்த நியூ இங்கிலாந்தின் ஸ்டீஃபன் காஸ்ட்கவ்ஸ்கி முதல் கால்பகுதியில் ஒன்றைத் தவறவிட்டார். கடைசி நொடிகளில் டச்டவுன் எடுத்தும், சமன்செய்ய அவ்வணிக்கு 2 புள்ளி தேவைப்பட்டது. அம்முயற்சி தோற்று, ஆட்டம் 20-18 என டென்வருக்குப் போனது. அந்த 1 புள்ளி இருந்திருந்தால், முடிவில் ஓர் உதையே சமநிலைக்குப் போதுமாக இருந்திருக்கும்.

இன்றைய நிலை: 15 யார்டு விதி தொடர்கிறது.