செயற்கை வைட்டமின்களும் பழவேற்காட்டுக் கரையும்

செயற்கை வைட்டமின் என்பது உணவில் இயல்பாக உள்ள உயிர்ச்சத்தை வேதிமுறையில் செய்தெடுத்த பொருள். வைட்டமின் சி 1933இலும், பி1 எனப்படும் தயமின் 1936இலும், ஃபோலிக் அமிலம் 1945இலும், வைட்டமின் ஏ 1947இலும் ஆய்வுக்கூடத்தில் உருவாயின. இவற்றில் தயமின், ஃபோலிக் அமிலம் இரண்டின் கதையும் பழவேற்காடு ஏரி கிடக்கும் கடற்கரையைத் தொட்டுச் செல்கிறது. ஏரியின் தென்கோடி திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. வடக்கே விரியும் பெரும்பகுதி நெடுங்காலம் நெல்லூர் மாவட்டமாக இருந்து, 2022இல் திருப்பதி மாவட்டமானது.

ஏரிக்கரையில் உள்ள கோட்டைக்குப்பத்திலும் சரி, ஏரிக்கு நடுவே ஆந்திர எல்லைக்குள் இருக்கும் இருக்கம் தீவிலும் சரி, சோறும் மீன் குழம்பும்தான் அன்றாடச் சாப்பாடு. அந்தச் சோறு எந்த அரிசியில் வடித்தது என்பது ஒரு காலத்தில் உயிர்ப் பிரச்சினை. தயமின் நெல்லின் தவிட்டிலும் முளைக்கருவிலும் இருக்கிறது. பச்சை நெல்லை ஆலையில் வெள்ளையாகத் தீட்டினால் பெரும்பாலும் தவிட்டோடு போய்விடும். நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைத்தால் அந்தச் சத்து நீரோடு அரிசிக்குள் இறங்கிவிடும். பிறகு தீட்டினாலும் கணிசமாக நிற்கும். சென்னை மாகாணத்தின் வடசர்க்கார் மாவட்டங்களில் பச்சரிசி உண்டோரிடையே பெரிபெரி நோய் நிலைகொண்டிருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பின. கால் மரத்து, உடல் வீங்கி, மூச்சு வாங்கி, இதயம் ஓய்ந்துபோகும் நோய் அது. தாய்க்குத் தயமின் குறைந்தால், தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை திடீரென இறந்துவிடக்கூடும். இதை ஆராய 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே அறையில் மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வுதான் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது.

தவிட்டின் மகிமையை 1890களில் முதலில் கண்டது படேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இருந்த டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான். தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் முடங்கின, தவிட்டோடு கொடுத்ததும் தேறின. 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையை எழுப்பிய டச்சுக்காரர்கள் இங்கிருந்து துணி மூட்டைகளை அனுப்பியதும் அதே படேவியாவுக்குத்தான்.

அந்தத் தவிட்டுச் சத்தை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டிய ராபர்ட் ஆர். வில்லியம்ஸ் 1886இல் நெல்லூரில் பிறந்தவர்; பெற்றோர் அமெரிக்க பாப்டிஸ்ட் மதப்பணியாளர்கள். தம்பி ரோஜர் 1893இல் உதகமண்டலத்தில் பிறந்தார். பி வகை வைட்டமினான பாந்தோதெனிக் அமிலத்தைக் கண்டறிந்தவர் அவரே. மணிலாவில் இளம் வேதியியலாளராக இருந்தபோது ராபர்ட் வில்லியம்ஸ், சாகக் கிடந்த ஒரு பெரிபெரிக் குழந்தையின் வாயில் தவிட்டுச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டார். சில மணி நேரத்தில் குழந்தை தெளிந்தது. அந்தச் சாற்றுக்குள் இருப்பது என்ன என்ற கேள்வி அவரைக் கால் நூற்றாண்டு விடவில்லை. தொலைபேசி நிறுவன ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, எஞ்சிய நேரத்தில் தேடி, 1936இல் தயமினின் அமைப்பை நிறுவிச் செயற்கையாகவும் தயாரித்தார். காப்புரிமை வருவாயின் பெரும்பகுதி உணவுக்குறை நோய்களை ஒழிக்கும் நிதியாயிற்று. 1940களின் இறுதியில் பிலிப்பைன்ஸின் பட்டான் மாகாணத்தில் தயமின் சேர்த்த அரிசி விற்கப்பட்டதும் பெரிபெரி மரணங்கள் வெகுவாகக் குறைந்தன.

ஃபோலிக் அமிலத்தின் தொடக்கம் இந்தியக் கர்ப்பிணிகளின் சோகை. 1930ஐ ஒட்டிப் பம்பாயில் மருத்துவர் லூசி வில்ஸ், ஈஸ்ட் சாறான மார்மைட் கொடுத்து அதைத் தீர்த்தார். அதில் இருந்த பொருளை 1945இல் செயற்கையாகச் செய்த லெடர்லே ஆய்வகக் குழுவை வழிநடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திரக் கடலோரத்துப் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். சகோதரர் இருவரை ஸ்ப்ரூ எனும் குடல்நோய்க்குப் பறிகொடுத்து, தாமும் அதில் விழுந்து பிழைத்தவர். அந்த நோய்க்கே ஃபோலிக் அமிலம் மருந்தாயிற்று. இத்தனை செய்தவரின் பெயர் நம் பள்ளிப் பாடங்களில் இன்னும் பெரிதாக ஒலித்திருக்க வேண்டும்.

இன்று கர்ப்பிணிகளுக்குக் கிராம சுகாதார செவிலியர் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்போடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் இருக்கிறது. கருவுற்ற காலத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பின் 180 நாள். செறிவூட்டப்பட்ட அரிசியிலும் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றும் உண்டு. இவற்றில் பி12 வேதிவினையால் அல்ல, நுண்ணுயிர் நொதித்தலால் கிடைப்பது. மீன் உண்போருக்கு அது உணவிலேயே கிடைத்துவிடும். ஃபோலிக் அமிலத்தின் இயல்பு வடிவமான ஃபோலேட் கிடைப்பது கீரையிலும் பயறிலும். உவர் மணல் கரையில் கீரை வளர்ப்பது சுலபமல்ல, ஆகவே அங்கு மாத்திரைக்கு மதிப்பு அதிகம்.

செறிவூட்டப்பட்ட அரிசியில் கலக்கும் சத்து மணியை அரிசி மாவோடு சத்துக்கலவை பிசைந்து அரிசி வடிவில் அச்சிட்டு எடுக்கிறார்கள். சாதாரண அரிசியில் நூறு மணிக்கு ஒன்று என்ற கணக்கில் கலக்கிறார்கள். முறத்தில் புடைக்கும்போது அது நிறம் மாறித் தெரியும், களையும்போது சில மிதக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிபவர்கள் உண்டு, எறிவது சத்தைத்தான். பி வகைச் சத்துகள் நீரில் கரைபவை என்பதால், பலமுறை களைந்தாலும் கஞ்சியை வடித்துக் கொட்டினாலும் இழப்பே. வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிக்கும் வீட்டில் அந்த இழப்பு குறைவு.