பெட்டியில் இல்லாத பெயர்

வீடியோ விளையாட்டு தயாரிக்கும் நிறுவனத்தில் புரோகிராமராகச் சேரப் போவதாகப் பிள்ளை சொன்னால், "விளையாடுவதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்காத பெற்றோர் ஜொகூரில் குறைவு. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. செய்த வேலைக்கு அந்தப் பிள்ளையின் பெயர் வருமா? இந்தத் தொழிலில் நடந்த முதல் பெரிய போராட்டமே பெயருக்காகத்தான்.

1977ஆம் ஆண்டு அமெரிக்காவின் அத்தாரி நிறுவனம், வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் நினைவகம் வெறும் 128 பைட். இந்த ஒரு வாக்கியத்தைத் தமிழில் எழுதி வைக்கக்கூட அதில் இடம் போதாது! முழுத்திரைப் படத்தையும் சேமித்து வைக்க வழியில்லை. தொலைக்காட்சித் திரையில் ஒளிக்கற்றை ஒவ்வொரு கோடாக ஓடும்போதே, அடுத்த கோட்டில் என்ன தெரிய வேண்டும் என்பதை நிரல் அந்த நொடியிலேயே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். சற்றுப் பிந்தினால் படம் குலைந்துவிடும். கதை, ஓவியம், ஒலி, கணக்கு எல்லாவற்றையும் பெரும்பாலும் ஒரே ஆள்தான் செய்தார். நாவலுக்கு ஓர் ஆசிரியர் எப்படியோ, விளையாட்டுக்கு அவர் அப்படி.

ஆனால் விளையாட்டுப் பெட்டியில் அத்தாரியின் பெயர் மட்டுமே இருந்தது. பெயர் வெளியே தெரிந்தால் போட்டி நிறுவனங்கள் ஆளை இழுத்துக்கொள்ளும் என்பது முதலாளிகளின் பயம். அங்கு பணியாற்றிய வாரன் ராபினெட் தமது 'அட்வெஞ்சர்' விளையாட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் ஓர் இரகசிய அறையைக் கட்டினார். பின்னணியின் சாம்பல் நிறத்திலேயே ஒரு சிறு புள்ளி. அதைக் கண்டெடுத்துச் சுமந்து போனால் ஒரு சுவரைக் கடக்கலாம். உள்ளே அவர் பெயர் மின்னும். மேலாளர்களுக்கே அது தெரியாது. 1979இல் அவர் விலகிய பிறகு, விளையாடிய சிறுவன் ஒருவன் அதைக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதியபோதுதான் நிறுவனம் விழித்துக்கொண்டது.

அதே ஆண்டில் நான்கு நிரலாளர்கள் வேறு வழியில் போனார்கள். தாங்கள் எழுதிய விளையாட்டுகள் கோடிக்கணக்கில் விற்பதைக் கணக்குப் பார்த்துத் தெரிந்துகொண்டு, தலைவரிடம் பெயரும் பங்கும் கேட்டனர். தொழிற்சாலையில் பொருளைக் கோக்கும் தொழிலாளியைவிட நீங்கள் முக்கியமானவர்கள் அல்லர் என்ற பொருளில் பதில் வந்ததாக, அவர்களில் ஒருவரான டேவிட் கிரேன் பின்னாளில் சொன்னார். (பொருளைக் கோத்த தொழிலாளிக்கும் பெயர் கிடைக்கவில்லை என்பது தனிக் கதை.) நால்வரும் வெளியேறி ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கி, உருவாக்கியவர் பெயரை அச்சிட்டே விற்றார்கள். அத்தாரி வழக்குப் போட்டது, 1982இல் சமரசமானது. அதே ஆண்டு வெளிவந்த கிரேனின் 'பிட்ஃபால்' பெரும் வெற்றி பெற்றது.

இது நம் பக்கத்துக் கதையாக மாறியது அண்மைக் காலத்தில்தான். மலேசியா 1996இல் பல்லூடகப் பெருவழித் திட்டத்தைத் தொடங்கியது. கோலாலம்பூர் வட்டாரத்தில் வெளிநாட்டு விளையாட்டுகளுக்குப் பகுதி வேலை செய்துதரும் நிறுவனங்கள் வளர்ந்தன. பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூரில், பிரான்சின் யூபிசாஃப்ட் நிறுவனம் 2008இல் கூடம் திறந்தது. 2012இல் வெளியான 'அசாசின்ஸ் கிரீட் 3' விளையாட்டின் கடற்போர்க் காட்சிகள் அங்கே உருவானவை. விளையாடியவர்களில் எத்தனை பேர் அதை அறிவார்கள்? சொந்தப் படைப்புக்கும் சான்று உண்டு. ஜப்பானில் 'ஃபைனல் ஃபேண்டசி 15' குழுவில் பணியாற்றிய வான் ஹஸ்மர், 2017இல் மலேசியாவில் மெட்ரோநோமிக் நிறுவனத்தை அமைத்தார். 2020இல் 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்' வெளிவந்தது.

இன்று ஒரு பெரிய விளையாட்டுக்கு ஆயிரக்கணக்கானோர் உழைக்கிறார்கள். இறுதியில் பெயர்ப் பட்டியல் ஓடுகிறது. ஆனால் வெளியீட்டுக்கு முன் விலகியவர் பெயர் அதில் இருக்கும் என்று உறுதி இல்லை. 2018இல் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' வந்தபோது, ராக்ஸ்டார் நிறுவனம் முன்பே விலகியவர்களை விளையாட்டின் பட்டியலில் சேர்க்காமல், தன் இணையத்தளத்தில் தனியாக நன்றி தெரிவித்தது. பெயர் இடுவது பற்றி அனைத்துலக விளையாட்டு உருவாக்குநர் சங்கம் நெறிமுறைகளை வகுத்திருக்கிறது. நிறுவனங்களை அது கட்டுப்படுத்தாது.

அடுத்த வேலைக்கு மனுச் செய்யும்போது நிரலாளரிடம் கேட்கப்படுவது, முன்பு எந்த விளையாட்டில் பணியாற்றினீர்கள் என்பதே. பெயர்ப் பட்டியல்தான் அதற்குச் சாட்சி. ஸ்கூடாய் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணினி வரைகலை படித்துவிட்டுக் கோலாலம்பூருக்கோ பாலம் கடந்தோ போகும் இளைஞர், நியமன ஒப்பந்தத்தில் சம்பள எண்ணைப் பார்த்ததும் கையெழுத்திட்டுவிடுகிறார். இடையில் விலகினால் பெயர் நிற்குமா என்பது அதற்கடுத்த பக்கங்களில் எங்காவது எழுதப்பட்டிருக்கும், அல்லது எழுதப்படாமலே விடப்பட்டிருக்கும். அதைக் கேட்பதற்கு ஏற்ற நேரம் கையெழுத்துக்கு முந்திய நாள்.