கூலிக்குக் கைதட்டல்!

டி.வி. ஷோவில் அரங்கமே எழுந்து நின்று கைதட்டினால், உடனே நெகிழ்ந்துவிடாதீர்கள். அதில் தினக்கூலிக்கு வந்தவர்களும் இருக்கலாம்!

இது டி.வி. கண்டுபிடித்த தந்திரம் இல்லை. ரோமானியச் சக்கரவர்த்தி நீரோ, தன் பாட்டுக்குக் கைதட்டவே 5,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பழக்கி வைத்திருந்தான். 1820-ல் பாரீஸில் இதற்கு ஏஜென்ஸியே வந்துவிட்டது. சிரிக்க ஒருவர், அழ ஒரு பெண்மணி, 'ஒன்ஸ்மோர்' கேட்க இன்னொருவர்! 1950-களில் அமெரிக்க டி.வி.க்கு ஆள்கூடத் தேவைப்படவில்லை. சார்லஸ் டக்ளஸ் என்கிற இன்ஜினீயர் செய்த பெட்டியில் பட்டனைத் தட்டினால் போதும், சிரிப்பு கொட்டும்!

சரி, நீரோ என்ன ஆனான்? கி.பி. 68-ல் மெய்க்காவல் படையே கைவிட, தற்கொலை செய்துகொண்டான். அவன் பாடும்போது தூங்கி வழிந்து, அதற்காகவே விரட்டப்பட்ட தளபதி வெஸ்பாசியன், மறு வருஷமே சக்கரவர்த்தி!

கைதட்டக் கூலிக்கு ஆள் கிடைக்கும். கூட நிற்கக் கிடைக்குமா, என்ன?