பச்சைத் தோள் தக்காளி

போன வாரம் வண்டியூர்ல அம்மாவோட காய்கறி வாங்கப் போனேன். ஒரு கூடையில பளபளன்னு, ஒரே நிறத்துல பெங்களூர் தக்காளி. பக்கத்துல கோணல்மாணலா நாட்டுத் தக்காளி. காம்பைச் சுத்தி இன்னும் பச்சை. நான் முதல் கூடைக்குக் கை நீட்டினேன். "டேய், அது பாக்கத்தான் நல்லாருக்கும், ரசத்துக்கு ஒதவாது"ன்னாங்க அம்மா. அந்த ஒரு வரிக்குப் பின்னாடி எழுபது வருஷ வரலாறு இருக்கு.

காம்பைச் சுற்றியுள்ள அந்த அடர் பச்சையைப் 'பச்சைத் தோள்' என்பார்கள். 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், பச்சைத் தோள் இல்லாத, சீரான வெளிர்பச்சைக் காய் தரும் தக்காளி ஆராய்ச்சியாளர்கள் கண்ணில் பட்டது. காய் முழுக்க ஒரே மாதிரி சிவக்கும். எப்போது பறிக்கலாம் என்று பார்த்ததுமே தெரியும். அதனால் சுமார் 70 வருஷம் அந்தக் குணத்தையே தேடித் தேடி வளர்த்தார்கள்.

அதன் விலை 2012இல்தான் தெரிந்தது. அந்த மே மாதம் தக்காளியின் முழு மரபணுத் தொகுப்பு வெளியானது. அதில் 5ஆம் குரோமோசோமை வாசித்தது இந்திய விஞ்ஞானிகள். அடுத்த மாதமே கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் பவல் குழு, பச்சைத் தோளுக்குக் காரணமான மரபணுவை அறிவித்தது. பெயர் ஜி.எல்.கே.2.

இது ஒரு சுவிட்ச் மாதிரி. பிஞ்சிலும் காயிலும் பச்சையத்தைப் பெருக்கும். அந்தப் பச்சையம் இருக்கும் பைகள்தான், பழுக்கும்போது சிவப்பு லைகோபீனும், உடம்பு வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும் பீட்டா கரோட்டினும் சேரும் பைகளாக மாறுகின்றன. காயே கொஞ்சம் சர்க்கரையும் தயாரிக்கும். சீராகச் சிவக்கும் ரகங்களில் இந்த மரபணுவில் ஒரே ஒரு எழுத்து கூடுதல். அவ்வளவுதான், புரதம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. சுவிட்ச் நன்றாக வேலை செய்யவைத்த செடிகளில் சர்க்கரையும் கரோட்டினாய்டுகளும் கூடின.

நம்ம பாஷைல சொன்னா, பக் உள்ள கோடை எழுபது வருஷம் ரிலீஸ் பண்ணிட்டே இருந்திருக்காங்க. ஏன்னா டெஸ்ட் கேஸ் நிறத்துக்கு மட்டும்தான் எழுதியிருந்தாங்க.

ருசி குறைய இது ஒன்றே காரணமில்லை. லாரிப் பயணத்துக்காகக் காயாகவே பறிப்பதும் சேர்ந்ததுதான்.

நம்ம பக்கத்துல பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி, அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து பி.கே.எம். 1 தக்காளியை உருவாக்கியது. தொலைதூரம் அனுப்பவும் தாங்கும். அதன் காயில் பச்சைத் தோள் அப்படியே இருக்கிறது. வசதிக்காக அதைத் தொலைத்தே ஆகணும்னு கட்டாயம் இல்லைங்கிறதுக்கு அதுவே சாட்சி.

அடுத்த தடவை காம்புப் பக்கம் பச்சை தெரிஞ்சா கூடையைத் தள்ளி வைக்காதீங்க. நான் அன்னைக்கு ரெண்டு கிலோ வாங்கினேன்.