பல்லே வாஹல: அரசியர் வாழ்ந்த வீடு

கண்டி தலதா மாளிகையின் பின்புறத்தில், ஓடு வேய்ந்த தாழ்ந்த கூரையோடு நிற்கும் கட்டடம் பல்லே வாஹல. 'கீழ் மாளிகை' என்பது இச்சிங்களப் பெயரின் பொருள். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் (1798–1815) காலத்தில் அரசியரின் இருப்பிடமாக இருந்த இவ்வீடே இன்றைய கண்டி தேசிய நூதனசாலை.

அந்த அரசியர் யார் என்பதில்தான் தமிழருக்கு இவ்வீட்டோடுள்ள உறவு இருக்கிறது. மதுரை நாயக்கர் வழிப் பெண்களை மணப்பது கண்டி மன்னரின் பழைய வழக்கம். 1739இல் கண்டி மன்னன் நரேந்திரசிங்கன் பட்டத்துக்குரிய வாரிசின்றி இறந்தபோது, பட்டத்தரசியின் சகோதரரே அரியணை ஏறினார். அவர் முதல் நால்வர் நாயக்க மன்னர். மணப்பெண்ணோடு வந்த உறவினருக்கென நகரில் குமாருப்பே வீதி என்றொரு தெருவே இருந்தது. ஆங்கிலேயர் அதை மலபார் வீதி என்றனர்.

1815 பெப்ரவரியில் ஆங்கிலப் படை கண்டிக்குள் நுழைந்தது. மன்னன் தும்பறை மலைப்பக்கம் ஒதுங்கினான். பெப்ரவரி 18ஆம் திகதி மெதமகாநுவரைக்கு அருகே அரசியரோடு பிடிபட்டான். மறு ஆண்டு வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே மறைந்தான். பல்லே வாஹலவுக்கு அரசியர் திரும்பவில்லை.

பிற்காலத்தில் கண்டிக் கலைச் சங்கம் இங்கே அரும்பொருள்களைச் சேர்த்து வைத்தது. 1942இல் நூதனசாலையாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

உள்ளே முற்றம், அதைச் சுற்றித் தடித்த சுவர்களும் மரத்தூண்களும். ஆயுதம், நகை, ஓலைச்சுவடி எனப் பலவும் உண்டு. கண்டியை ஆங்கிலேயருக்குக் கையளித்த கண்டி ஒப்பந்தத்தின் பிரதியும் இருக்கிறது. ஆனால் வீட்டு வாழ்க்கையைக் கண்முன் நிறுத்துபவை வெற்றிலைச் சாமான்களே. பாக்குவெட்டி, வெற்றிலைத் தட்டு, சட்டைப்பைக் கடிகாரம்போல் வட்டமான சுண்ணாம்புக் கரண்டகம், அதன் சங்கிலியில் தொங்கும் சிறு கரண்டி. வந்தவருக்கு முதலில் வெற்றிலை நீட்டும் மரியாதை கண்டியிலும் மதுரையிலும் ஒன்றுதான். மதுரையிலிருந்து வாழ வந்த பெண்ணுக்கு இந்தத் தட்டு அந்நியமாகத் தோன்றியிராது.

கண்டிக்கு வருவோர், தலதா மாளிகையோடு திரும்பிவிட வேண்டாம். பின்னாலிருக்கும் இந்த முற்றத்திலும் சற்று நின்று பாருங்கள்.