செர்வோ (மாதிரி விமானம்)

செர்வோ என்பது, ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி விமானத்தின் ஏலெரான், எலிவேட்டர், ரடர் ஆகிய கட்டுப்பாட்டுப் பரப்புகளை ரிசீவரின் சைகைக்கேற்ப அசைக்கும் சிறு மின் இயக்கி. மோட்டார், பல்சக்கரத் தொகுதி, தண்டின் கோணத்தை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர், மின்சுற்று ஆகியவை ஒரே பெட்டியில் அடங்கும். வழக்கமான செர்வோவுக்கு ரிசீவரிலிருந்து வினாடிக்கு சுமார் 50 துடிப்புகள் வரும். துடிப்பின் நீளம் 1.5 மில்லிவினாடி என்றால் தண்டு நடுநிலையில் நிற்கும்.

அளவைக் கொண்டு மைக்ரோ, மினி, ஸ்டாண்டர்டு எனப் பிரிப்பர். டவர் புரோ எஸ்ஜி90 சுமார் 9 கிராம் எடையுள்ள மைக்ரோ வகை; சிறு நுரைப்பலகை விமானங்களில் பரவலாகக் காணப்படுவது. ஃபுடாபா எஸ்3003 ஸ்டாண்டர்டு வகை: எடை சுமார் 37 கிராம், 4.8 வோல்ட்டில் முறுக்குவிசை ஏறத்தாழ 3.2 கிலோ-செ.மீ.

தேர்வில் பலரும் முதலில் பார்ப்பது முறுக்குவிசையை. ஆனால் நம்பகத்தன்மையைக் காட்டுவது நடுநிலைக்குத் தவறாமல் திரும்பும் திறனும் பல்சக்கரங்களின் தளர்வின்மையும்தான். தளர்வு மிகுந்தால் வேகமாகப் பறக்கும்போது கட்டுப்பாட்டுப் பரப்பு அதிர்ந்து உடையக்கூடும். நைலான் பல்சக்கரம் இலேசானது, மோதலில் பல் உதிரும். உலோகப் பல்சக்கரம் அடி தாங்கும். ஆனால் தேயத் தேயத் தளர்வு கூடும். செர்வோவின் வேகம், தண்டு 60 பாகை திரும்ப எடுக்கும் நேரமாகக் குறிக்கப்படும்.

டிஜிட்டல் செர்வோ, வழக்கமானதைவிட மோட்டாரை அடிக்கடி தூண்டுவதால் நிலையை இறுகப் பிடிக்கும். ஆனால் மின்சாரமும் அதிகம் இழுக்கும். மின்வழங்கி அதற்கு ஈடுகொடுக்காவிட்டால் ரிசீவரே செயலிழக்கலாம். புகழ்பெற்ற மாதிரிகளுக்குப் போலிகளும் உண்டு. ஆகவே புதிய செர்வோவை விமானத்தில் பொருத்துமுன் தரையிலேயே சுமையேற்றி ஓட்டிப் பார்ப்பது அவசியம்.